வாடகை பாக்கியோடு வந்த வீடு

"வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்" என்பது பழமொழி. குடியிருப்பவர்களோடு வீட்டை வாங்கியவரைக் கேட்டால், "இதையும் செய்து பார்" என்பார்!

கல்வராயன் மலையில், வெள்ளிமலையில் சிறு கடை நடத்தும் ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சிறுகச் சிறுகச் சேர்த்த பணம், மனைவியின் நகை, போதாததற்கு பாங்கிக் கடன். இவற்றைக்கொண்டு கள்ளக்குறிச்சியில் ஒரு வீடு வாங்குகிறார். அதில் இரண்டு குடித்தனங்கள். வாடகை வந்தால் கடன் தவணையைக் கட்டிவிடலாம் என்பது அவர் கணக்கு.

ஒரு குடித்தனக்காரர் ஒழுங்காகக் கொடுக்கிறார். மற்றவர் கட்டட வேலை செய்பவர். மாத வாடகை 5 ஆயிரம் ரூபாய். மூன்று மாத பாக்கி 15 ஆயிரம் ரூபாய்.

"பாக்கியைக் கொடுங்கள்" என்கிறார் புது வீட்டுக்காரர்.

"அண்ணே, அது பழைய வீட்டுக்காரர் கணக்கு. இந்த மாத வாடகையையும் அவரிடமே கொடுத்துவிட்டேன். வீடு கைமாறியது எனக்குத் தெரியாதே!" என்கிறார் அவர்.

யார் சொல்வது சரி?

பாக்கி யாருக்கு?

குடியிருப்பவர் சொல்வதே சரி!

1882-ம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. வீட்டை வாங்குவதற்கு முன்பு ஏற்பட்ட வாடகை பாக்கி, வாங்கியவருக்குத் தானாக வந்து சேராது. வீடு கைமாறியது தெரியாமல் பழைய சொந்தக்காரரிடம் வாடகை கொடுத்திருந்தால், அதை மறுபடி கேட்கவும் முடியாது.

ஆகவே, கிரையத்துக்கு முன்பே கவனிக்க வேண்டியவை இவை:

1. பழைய பாக்கி யாருக்கு என்று எழுதிக்கொள்ளுங்கள். உங்களுக்கு என்றால், விற்பவர் அந்த உரிமையை எழுதித் தரவேண்டும்.

2. குடியிருப்பவர் கொடுத்த அட்வான்ஸ் எவ்வளவு என்று அவரிடமே கேளுங்கள். அந்தத் தொகையை வீட்டு விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

3. பத்திரம் பதிவானதும், இனி வாடகையை யாரிடம் கொடுப்பது என்று எழுத்து மூலம் தெரிவியுங்கள். பழைய வீட்டுக்காரரும் கையெழுத்துப் போட்டால் நல்லது.

பிறகும் தாமதமானால்?

தமிழ்நாட்டில் 2019-ம் ஆண்டு பிப்ரவரி 22-ந் தேதி முதல் புதிய வாடகைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. கள்ளக்குறிச்சி போன்ற நகராட்சிப் பகுதிகளுக்கு இது பொருந்தும். இதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யவேண்டும்.

இரண்டு மாத வாடகை பாக்கி நின்றால் நோட்டீஸ் கொடுக்கலாம். நோட்டீஸ் கிடைத்த ஒரு மாதத்துக்குள் முழுப் பாக்கியையும் கட்டிவிட்டால், அதைக் காரணம் காட்டி வெளியேற்ற முடியாது. கட்டாவிட்டால் வாடகை கோர்ட்டுக்குப் போகலாம்.

கோபத்தில் மின்சாரத்தையும் தண்ணீரையும் நிறுத்துவோர் உண்டு. அதைச் சட்டம் தடை செய்கிறது. நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும், அன்றோடு அது கைநழுவிப் போகும்.

வாடகை வாங்கினால் ரசீது கொடுங்கள். குடியிருப்பவர்களே, நீங்களும் கேட்டு வாங்குங்கள். நாளைக்கு வீடு இன்னொருவர் கைக்குப் போனால், அந்தச் சிறு காகிதம்தான் உங்களுக்குச் சாட்சி.

சனிக்கிழமை வாடகை

முதலில் ஏன் தாமதம் என்று கேட்டுப் பாருங்கள். கட்டட வேலை செய்பவருக்குச் சனிக்கிழமைதான் கூலி. முதல் தேதியில் மொத்தமாக 5 ஆயிரம் ரூபாய்க்கு அவர் எங்கே போவார்? மழை பெய்தால் வேலையும் இல்லை.

வெள்ளிமலைக்காரர் அவரிடம் இப்படிச் சொல்லலாம்: "தம்பி, நான்கு சனிக்கிழமை 1,250 ரூபாய் வீதம் கொடுங்கள். பழைய கணக்கை நீங்களும் பழைய வீட்டுக்காரரும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்."

அதை ஒப்பந்தத்திலும் எழுதிக்கொண்டால், கடைக்காரருக்குத் தவணைப் பணம் சேரும். கூலிக்காரர் குடும்பமும் தெருவுக்கு வராது.