கண்ணாடி கழுவும் நீரும் பிசினைப் புதுப்பித்தலும்

கிணற்று நீரால் கழுவிய சன்னற் கண்ணாடி உலர்ந்தபின் அதன்மீது வெண்புள்ளிகள் தோன்றுவதை யாவரும் கண்டிருப்பர். நீர் ஆவியாகிவிடுகிறது, அதில் கரைந்திருந்த உப்புகள் எஞ்சி நிற்கின்றன. உப்பு அறவே நீக்கப்பட்ட நீரால் கழுவினால், துணிகொண்டு துடைக்காமலே கண்ணாடி மாசின்றி உலரும். உயர்ந்த கட்டடங்களின் சன்னல்களைக் கழுவுவோர் இத்தகைய நீரை நீண்ட கழிகளின் வழியே தூரிகைக்குச் செலுத்திப் பயன்படுத்துகின்றனர். இந்நீரைப் பெற உதவுவது அயனி மாற்றுப் பிசின்.

மண்ணுக்கு அயனிகளை மாற்றும் இயல்பு உண்டென்பதைத் தாம்சன், வே என்னும் ஆங்கிலேயர் 1850-இல் வெளியிட்டனர். 1935-இல் ஆடம்ஸ், ஹோம்ஸ் ஆகிய இருவரும் இவ்வியல்புடைய பிசினைச் செயற்கையாக ஆக்கினர். நம் நாட்டில், 1954-இல் பவநகரில் தொடங்கப்பெற்ற மத்திய உப்பு ஆராய்ச்சி நிலையம் இத்துறையில் ஆய்வுகள் நடத்தியுள்ளது.

பிசின் சிறு மணிகளாக இருக்கும். ஒருவகை மணி, நீரிலுள்ள கால்சியம், மக்னீசியம், சோடியம் ஆகிய நேர் அயனிகளைப் பற்றிக்கொண்டு ஹைட்ரஜன் அயனியை விடும். மற்றொருவகை, குளோரைடு, சல்பேட் முதலிய எதிர் அயனிகளைப் பற்றி ஹைட்ராக்சில் அயனியை விடும். இவ்விரண்டும் கூடி நீராகின்றன. மணிகள் நிறைவுற்றபின் உப்பு கசியத் தொடங்கும்; நீரின் மின்கடத்து திறன் உயர்வதால் இதனை அறியலாம்.

அப்பொழுது பிசினை எறிந்துவிட வேண்டுவதில்லை. கலந்திருக்கும் மணிகளைக் கீழிருந்து மேலாக நீர் செலுத்திப் பிரிக்கவேண்டும். இலேசான எதிர் அயனிப் பிசின் மேலே தங்கும். முன்னதற்கு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமும், பின்னதற்குச் சுமார் 4 சதவிகிதக் காஸ்டிக் சோடாக் கரைசலும் செலுத்தி, உப்பற்ற நீரால் கழுவவேண்டும். பிரிக்காமல் அமிலம் ஊற்றினால் எதிர் அயனிப் பிசின் குளோரைடால் நிறைந்துவிடும், உழைப்பு வீணாகும்.

சமையலுப்புக் கரைசலால் புதுப்பிக்கும் பிசினும் உண்டு. அது கடினத்தன்மையை மட்டுமே போக்கும். கால்சியத்திற்கு ஈடாகச் சோடியம் நீரிலேயே தங்குவதால் கண்ணாடியில் புள்ளி விழவே செய்யும். ஆசிரியர்கள் கிணற்று நீர், மென்னீர், உப்பற்ற நீர் ஆகியவற்றில் ஒவ்வொரு துளியைக் கண்ணாடித் துண்டில் உலரவிட்டு இதனை மாணவர்க்குக் காட்டலாம்.

காஸ்டிக் சோடா கேரளத்திலேயே, ஏலூரிலுள்ள திருவிதாங்கூர்–கொச்சி இரசாயனத் தொழிற்சாலையில் உற்பத்தியாகிறது. ஆனால் எளிதிற் கிடைப்பது எளிதிற் கையாளத்தக்கது ஆகாது. அமிலத்தை நீரில் சிறிது சிறிதாக ஊற்றவேண்டும். நீரை அமிலத்தில் ஊற்றலாகாது. கையுறையும் கண்காப்பும் இன்றியமையாதவை.

கழிவு நீரைப் பற்றியும் கள ஊழியர் எச்சரிக்க வேண்டும். நெய்யாற்றின்கரை வட்டத்தில், திருப்புறம் போன்ற ஊர்களில், வீட்டு வளவிலுள்ள கிணற்று நீரையே பலர் பருகுகின்றனர். அமிலக் கழிவையும் காரக் கழிவையும் ஒன்றோடொன்று கலந்து நடுநிலையாக்கினாலும் எஞ்சுவது உப்பு நீரே. அதனைக் கிணற்றருகே கொட்டினால், கண்ணாடியிலிருந்து நீக்கிய உப்பு குடிநீரில் வந்து சேரும். புதுப்பிக்கும் வசதியும் கழிவை முறையாக அகற்றும் இடமும் இல்லாதார், அவையுள்ள நிலையத்திற்குப் பிசினை அனுப்புதலே நன்று.