மரத் தரையில் டைல் பதிக்கலாமா?

அமெரிக்காவிலிருக்கும் உங்கள் மகளோ மருமகளோ, "குளியலறைக்குப் புது டைல் போடப் போகிறோம்" என்று சொன்னால், நிறம் என்ன, விலை என்ன என்று கேட்காதீர்கள். "அடித்தரையைப் பார்த்தாயா?" என்று கேளுங்கள்!

நம் ஊரில் டைலுக்கு அடியில் இருப்பது காங்கிரீட். அங்கே பெரும்பாலான வீடுகளில், 16 அங்குலத்துக்கு ஒன்றாக மரச் சட்டங்கள். அவற்றின் மேல் பிளைவுட் பலகை. மரம் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும், மிதித்தால் சற்றே வளையும். டைலுக்கு வளையத் தெரியாது, விரிசல் விடும். விரிசல் வழியே நீர் இறங்கினால் மரம் மக்கிவிடும்.

ஆகவே பழைய தரையைப் பெயர்த்ததும், தொட்டியின் ஓரத்திலும் கழிப்பிடத்தைச் சுற்றிலும் பலகையைக் கூரிய ஆணியால் குத்திப் பார்க்க வேண்டும். (1980க்கு முற்பட்ட வீடானால் பழைய தரையில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக் கூடும்; சோதிக்காமல் பெயர்க்கலாகாது.) ஆணி மெத்தென்று இறங்கினால் அந்தப் பகுதியை அறுத்தெடுத்துப் புதுப் பலகை போட வேண்டியதுதான். நடக்கும்போது 'கிறீச்' என்றால் பலகையைத் திருகாணியால் சட்டத்தோடு இறுக்க வேண்டும்.

பிறகு டைல் ஒட்டும் கலவையைப் பரப்பி, அதன் மேல் சிமெண்டுப் பலகையைப் பதித்து, சுமார் 8 அங்குலத்துக்கு ஒரு திருகாணி முடுக்க வேண்டும். மேல் பலகையின் இணைப்பு கீழ்ப் பலகையின் இணைப்புக்கு நேர் மேலே வரலாகாது. இணைப்புகளில் வலைப்பட்டி ஒட்டிக் கலவை பூச வேண்டும்.

சிமெண்டுப் பலகை நீரில் கெடாது. ஆனால் நீரைக் கசியவிடும். எனவே நீர்த்தடுப்புப் பூச்சும் அவசியம்.

டைலுக்கு நிறம் தேடுவது அதற்கப்புறம்தான்!