மகிழவும் அழவும் வைத்த மகிழுந்துகள்

தமிழ்ப்பள்ளியில் படித்த காலத்தில் 'கார்' என்று எழுதினால் எங்கள் ஆசிரியை சிவப்பு மையால் அடித்துவிட்டு, மேலே 'மகிழுந்து' என்று எழுதுவார். வீட்டில் நாங்கள் 'காடி' என்போம். தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் அது 'கெரெத்தா' ஆகிவிட்டது. ஆனாலும் 'மகிழுந்து' என்ற சொல் மனத்தில் ஒட்டிக்கொண்டது. அந்தச் சொல்லுக்கு மிகப் பொருத்தமான வாகனம் எது என்று இன்று யாராவது கேட்டால், இத்தாலிய மகிழுந்துதான் என்பேன். ஏறி அமர்ந்தால் மகிழ்ச்சி உறுதி. உந்துமா என்பதுதான் கேள்வி!

நான் இயந்திரவியல் பொறியியல் இறுதியாண்டு மாணவன். கடந்த பருவத்தில் ஒரு பாடத்திற்காக, அமெரிக்கச் சந்தையில் இத்தாலிய மகிழுந்துகள் ஏன் தோற்றன என்று வகுப்பில் விளக்கிப் பேசினேன். "வண்டியில் பெரிய குறை இல்லை, அதைப் பராமரிக்கத் தெரியாத அமெரிக்கர்கள்தாம் குற்றவாளிகள்" என்று முடித்தேன். விரிவுரையாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அப்படியென்றால் துருப்பிடித்ததும் வாங்கியவரின் தவறா?" வகுப்பே சிரித்தது. எனக்குப் பதில் வரவில்லை. அன்று விட்ட பதிலை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் கவர்ச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1966ஆம் ஆண்டில் இரண்டு திறந்த கூரை வண்டிகள் அறிமுகமாயின. ஒன்று ஃபியட் 124 ஸ்பைடர், மற்றொன்று ஆல்ஃபா ரோமியோ ஸ்பைடர். இரண்டின் உடலையும் வடிவமைத்தது பினின்ஃபரினா என்னும் இத்தாலிய நிறுவனம். ஃபியட்டின் உருவத்தை வரைந்த டாம் ஜார்டா, அமெரிக்க மகிழுந்துத் தொழிலின் தலைநகரான டெட்ராய்ட்டில் பிறந்தவர் என்பது சுவையான செய்தி. அதன் இயந்திரத்தை வடிவமைத்த ஔரேலியோ லாம்ப்ரெடி, அதற்குமுன் ஃபெராரிக்குப் பந்தய இயந்திரங்களைச் செய்து கொடுத்தவர். ஃபெராரி பொறியாளரின் கைவண்ணம், ஆசிரியரோ குமாஸ்தாவோ வாங்கக்கூடிய விலையில் கிடைத்தது. ஆசை வராமல் என்ன செய்யும்? உற்பத்தியான சுமார் 2 இலட்சம் 124 ஸ்பைடர்களில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குத்தான் போய்ச் சேர்ந்தது.

ஆல்ஃபாவுக்குத் திரைப்படம் கைகொடுத்தது. 1967இல் வெளிவந்த 'தி கிராஜுவேட்' படத்தில் டஸ்டின் ஹாஃப்மன் ஓட்டியது சிவப்பு ஆல்ஃபா ஸ்பைடர். அந்தப் புகழ் பல்லாண்டு நீடித்தது. 1985இல் அந்நிறுவனம் 'கிராஜுவேட்' என்ற பெயரிலேயே ஒரு வகையை அமெரிக்காவில் விற்றது. படத்தின் இறுதிக்கட்டத்தில் அந்த வண்டி பெட்ரோல் தீர்ந்து நின்றுவிடும். அது வண்டியின் குற்றமன்று. ஆயினும் முன்கூட்டியே சொல்லிவைத்ததுபோல் இருக்கிறது.

இனி சிக்கலுக்கு வருவோம். இதைப் புரிந்துகொள்ள என் மாமாவின் பட்டறைதான் எனக்கு உதவியது. பள்ளி விடுமுறைகளில் அங்கே 'ஸ்பானர்' எடுத்துக் கொடுக்கும் வேலை என்னுடையது. மாமா ஒவ்வொரு வண்டியின் கண்ணாடியிலும், அடுத்து எத்தனையாவது கிலோமீட்டரில் வரவேண்டும் என்று ஒரு சீட்டு எழுதி ஒட்டுவார். ஒருநாள், "பெல்ட்டு மாத்தின கிலோமீட்டரையும் எழுதுடா. அத மறந்தா எஞ்சினே போயிடும்," என்றார். அப்போது எனக்கு அது விளங்கவில்லை.

இயந்திரத்தின் உள்ளே பிஸ்டன்கள் மேலும் கீழும் ஓடுகின்றன. மேலே வால்வுகள் திறந்து மூடுகின்றன. இரண்டும் தாளம் தவறாமல் இயங்க, கீழ்த்தண்டையும் மேல்தண்டையும் ஒரு சங்கிலியோ பல் வைத்த ரப்பர் பெல்ட்டோ இணைக்க வேண்டும். சங்கிலி நீண்டநாள் உழைக்கும். ஆனால் எடை கூடுதல், சத்தமும் உண்டு. லாம்ப்ரெடி தமது இரட்டைக் கேம்ஷாஃப்ட் இயந்திரத்திற்குப் பெல்ட்டைத் தேர்ந்தெடுத்தார். அக்காலத்தில் அது புதுமை. அமைதியானது, இலேசானது, மலிவானது. ஒரே நிபந்தனை, குறித்த காலத்தில் மாற்றிவிட வேண்டும். மாற்றாமல் ஓட்டி பெல்ட் அறுந்தால், திறந்த நிலையில் நின்றுவிட்ட வால்வின்மீது பிஸ்டன் மோதும். சில வினாடிகளில் இயந்திரம் பாழ். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எந்த முன்னறிவிப்பும் தெரியாது.

எண்ணெய் மாற்றினால் போதும், வண்டி ஓடும் என்று பழகிய ஓர் அமெரிக்கருக்கு இது எப்படித் தெரியும்? விற்பனையாளர் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ஃபியட்டின் விற்பனை மையங்கள் பல ஊர்களில் இல்லை. இருந்த இடத்திலும் உதிரிபாகம் வர நாளாகும்.

ஆல்ஃபாவின் கதை இதைவிடப் பரிதாபமானது. அமெரிக்காவின் புகைக் கட்டுப்பாட்டு விதிகளுக்காக, 1969 முதல் அந்நாட்டுக்குப் போன ஆல்ஃபாக்களில் 'ஸ்பிகா' என்ற இயந்திரவழி எரிபொருள் செலுத்தும் பம்பைப் பொருத்தினார்கள். டீசல் இயந்திரத்தின் பம்பைப் போன்ற நுட்பமான கருவி அது. அதற்கென்றே தனியாகச் சிறிய எண்ணெய் வடிகட்டி ஒன்று உண்டு. அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாததால், மாற்றாமல் விட்டுவிட்டார்கள். பம்ப் தேய்ந்தது. மெக்கானிக்குகள் தெரியாமல் திருகிப் பார்த்தார்கள். முடியாதபோது கழற்றி எறிந்துவிட்டு வெபர் கார்புரேட்டரைப் பூட்டினார்கள். ஒழுங்காகப் பராமரித்த ஸ்பிகா நன்றாகவே உழைத்தது என்பது குறிப்பிடத்தக்கது. 1982இல் ஆல்ஃபா அதைக் கைவிட்டு, ஜெர்மனியின் போஷ் மின்னணு முறைக்கு மாறியது.

ஓட்டும் முறையும் ஒரு காரணம். வேகமாகச் சுழலும்போது நன்றாக மூச்சுவிடும் இயந்திரங்கள் இவை. அமெரிக்காவிலோ 1974 முதல் பல ஆண்டுகள் நெடுஞ்சாலை வேகமே மணிக்கு 55 மைல், அதாவது சுமார் 88 கிலோமீட்டராகத்தான் இருந்தது. மெதுவாகவே ஓட்டினால் உள்ளே கரி படியும். அதை எரித்து வெளியேற்ற வண்டியை விரட்டி ஓட்டுவதற்கு 'இத்தாலியன் டியூன்-அப்' என்றே பெயர் வந்துவிட்டது.

இதுவரை எழுதியதைப் படித்தால், வகுப்பில் நான் சொன்னது சரிதானே என்று தோன்றும். ஆனால் துரு இருக்கிறதே! அமெரிக்காவின் வடமாநிலங்களில் குளிர்காலப் பனியை உருக்கச் சாலையில் உப்பைக் கொட்டுவார்கள். 1970களின் ஃபியட்களுக்குப் போதிய துருத்தடுப்புப் பூச்சு இல்லை. சில ஆண்டுகளிலேயே தரைத்தகடு ஓட்டை விழுந்தது. இதில் வாங்கியவர் என்ன செய்திருக்க முடியும்? கையேட்டைக் கரைத்துக் குடித்தவருக்கும் அதே ஓட்டைதான். என் விரிவுரையாளரின் கேள்விக்கு நேர்மையான பதில் 'இல்லை' என்பதே.

அங்கிருந்து யோசித்தால் பெல்ட்டின் கதையும் வேறாகத் தெரிகிறது. வாங்குபவர் மறப்பார் என்பது தெரிந்த உண்மை. மறந்தால் இயந்திரமே போகும்படி ஒரு வடிவமைப்பைச் செய்துவிட்டு, நினைவூட்ட ஆளில்லாத நாட்டில் அதை விற்றால், தவறு யாருடையது? என் மாமா ஒட்டிய அந்தச் சிறு சீட்டும் வடிவமைப்பின் ஒரு பகுதிதான் என்று இப்போது நினைக்கிறேன். ஃபியட் அதை அனுப்ப மறந்துவிட்டது.

இதற்கிடையே ஜப்பானியர் வந்தனர். 1969இன் இறுதியில் அறிமுகமான டட்சன் 240இசட், அழகான விளையாட்டு மகிழுந்தும் தினமும் காலையில் ஒழுங்காகக் கிளம்பும் என்று காட்டியது. 'ஃபியட்' என்ற நான்கு எழுத்துக்கு அமெரிக்கர்கள் 'ஃபிக்ஸ் இட் எகெய்ன், டோனி' என்று விரிவு கண்டுபிடித்தார்கள். 'டோனி, மறுபடியும் சரிபண்ணு' என்று பொருள். 1983இல் ஃபியட் வெளியேறியது. ஆல்ஃபா 1995இல் வெளியேறியது.

ஃபியட் 2009இல் கிரைஸ்லரின் பங்குகளைப் பெற்று, 2011இல் சின்னஞ்சிறு 500 வண்டியுடன் திரும்பி வந்தது. அது மெக்சிகோவின் டொலூகாவில் தயாரானது. 2015இல் ஜே.டி. பவர் நிறுவனம் வெளியிட்ட, மூன்றாண்டு பழைய வண்டிகளின் நம்பகத்தன்மை ஆய்வில் ஃபியட் கடைசி இடம். 100 வண்டிகளுக்கு 273 குறைகள். சராசரி 147, முதலிடம் பெற்ற லெக்சஸ் 89. ஆல்ஃபாவின் ஜூலியாவை 'மோட்டர் டிரெண்ட்' இதழ் 2018ஆம் ஆண்டின் சிறந்த மகிழுந்தாகத் தேர்ந்தெடுத்தது. அதே ஜூலியாவின் மின்னணுக் கோளாறுகளைப் பற்றிய புகார்களுக்கும் குறைவில்லை. ஐம்பது ஆண்டு கழித்தும் கதை அதேதான்!

எனக்கு மிகவும் பிடித்தது 2016இல் வந்த புதிய 124 ஸ்பைடர். பழைய பெயர், பழைய சாயல். ஆனால் அது தயாரானது ஹிரோஷிமாவில், மாஸ்டா தொழிற்சாலையில். 1989 முதல் மாஸ்டா விற்றுவரும் எம்எக்ஸ்-5 வண்டியின் அடித்தளத்தில்தான் அதைக் கட்டினார்கள். இயந்திரம் மட்டும் ஃபியட்டுடையது. அமெரிக்காவில் 2020 வரைதான் அது விற்பனையானது.

விடுமுறையில் அதன் படத்தை மாமாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "அழகாத்தான் இருக்கு. செயினா, பெல்ட்டா?"

மாஸ்டாவின் சொந்த இயந்திரத்தில் சங்கிலிதான் இருக்கிறது. "ஃபியட்டு எஞ்சின் மாமா. பெல்ட்டுதான்," என்றேன்.

"அப்ப சீட்டு ஒட்டணும்," என்று சொல்லிவிட்டு, மறுபடியும் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.