மகிழுந்துத் திசைகாட்டி: பழுதும் பிறழ்வும்

1930கள் முதல் 1950கள் வரை அமெரிக்க நெடுஞ்சாலைகளில் ஓடிய மகிழுந்துகள் பலவற்றில், முகப்புப் பலகையின் மேலோ முன்கண்ணாடியை ஒட்டியோ, எலுமிச்சை அளவில் ஒரு குமிழ் அமர்ந்திருந்தது. குமிழுக்குள் நீர்மம், நீர்மத்தில் திசையெழுத்துகள் பொறித்த வட்டம், வட்டத்தின் அடியில் காந்தம். ஒகையோ மாநிலத்து வாரன் நகரின் ஹல் நிறுவனமும், சிகாகோவின் ஏர்கைடும், மிச்சிகன் மாநிலத்து ஃபிளிண்ட் நகரின் டின்ஸ்மோரும் இவற்றைச் செய்து விற்றன. பெரும்பாலும் வண்டிக்கு உரியவர் தனியே வாங்கிப் பொருத்திக்கொண்ட துணைக்கருவி இது. அதனாலோ என்னவோ, விரைவுமானிக்கும் எரிபொருள்மானிக்கும் கிடைக்கும் மதிப்பு, பழைய வண்டிகளை மீட்டமைப்போரிடம் இதற்குக் கிடைப்பதில்லை. மேலோட்டைத் துலக்கி, புது நீர்மம் ஊற்றி, இருந்த இடத்தில் பொருத்திவிட்டால் பணி முடிந்தது என்று எண்ணிவிடுகிறார்கள். அப்படித் துலக்கிய கருவி அழகாக மிளிரும்; வடக்கே போகும் வண்டியை வடகிழக்கு என்று சொல்லும். பழுதில் பாதிதான் குமிழுக்குள் இருக்கிறது. மறுபாதி வண்டியின் எஃகு உடலில் இருக்கிறது.

குமிழைத் திறக்குமுன் ஒன்றைக் கூர்ந்து பார்த்துக்கொள்ள வேண்டும். கப்பலின் திசைகாட்டியை மேலிருந்து பார்க்கிறோம். மகிழுந்தின் குமிழையோ பின்னிருந்து, கண்ணுக்கு நேரே பார்க்கிறோம். வண்டி வடக்கு நோக்கி நிற்கும்போது ஓட்டுநரின் கண்ணில் படுவது வட்டத்தின் தென்விளிம்பு. ஆகவே வடக்கைக் குறிக்கும் எழுத்தை, தெற்கு நோக்கும் விளிம்பில்தான் அச்சிட்டிருப்பார்கள். கிழக்கும் மேற்கும் அவ்வாறே இடம் மாறியிருக்கும். இதை அறியாமல் காந்தத்தைக் கழற்றியவர், அச்சுப்பிழை என்று கருதி அதைத் திருப்பிப் பொருத்துவதுண்டு. கழற்றுமுன் காந்தத்தின் வடமுனையில் ஒரு பொட்டு வைத்துக்கொண்டால் இந்த இடர் இல்லை.

பெரும்பாலான குமிழ்கள் பட்டறைக்கு வருவது காற்றுக்குமிழியோடுதான். உச்சியில் ஒரு வெற்றிடம் தெரியும். எழுத்துவட்டம் பாதி மூழ்கியும் பாதி வெளியிலுமாகச் சாய்ந்து கிடக்கும். எஞ்சிய நீர்மம் பழுப்பேறியிருக்கும். அந்தப் பழுப்பு நீர்மத்தைக் கொட்டிவிடலாகாது. கருவியைப் பற்றிய முதற்சான்று அதுவே. ஒரு துளியைத் தண்ணீரில் விட்டுப் பார்க்க வேண்டும். கலந்து மறைந்தால் அது சாராயமும் நீரும் சேர்ந்த பழைய கலவை. மேலே படலமாக மிதந்தால் மண்ணெண்ணெய் வகையைச் சேர்ந்த பெட்ரோலிய நீர்மம்.

இவ்விரண்டில் எதை ஊற்றினால் என்ன என்று கேட்பவருக்கு ஆர்க்கிமிடீசு விடை சொல்வார். எழுத்துவட்டத்தின் நடுவில் ஒரு வெற்று மிதவை உண்டு. வட்டத்தின் எடையில் பெரும்பகுதியை மிதப்புவிசை தாங்கிக்கொள்ள, எஞ்சிய சிறுபகுதி மட்டுமே அடியிலுள்ள ஊசிமுனையின் மேல் அமரும். எடுத்துக்காட்டாக, 10 கிராம் நிறையும் 10 கனசெண்டிமீட்டர் பருமனும் உள்ள ஒரு வட்டம், கனசெண்டிமீட்டருக்கு 0.93 கிராம் என்ற அளவில் அடர்த்தியுள்ள சாராயக் கலவையில் மிதந்தால் ஊசிமுனை தாங்க வேண்டியது 0.7 கிராம். 0.8 அளவே அடர்த்தியுள்ள மண்ணெண்ணெய்யை ஊற்றினால் அது 2 கிராமாகிறது. ஏறத்தாழ மூன்று மடங்கு. ஊசிமுனை விரைவில் மழுங்கும், வட்டம் சோம்பும். மாறாக, மண்ணெண்ணெய்க்கென வடித்த மிதவையைச் சாராயக் கலவையில் இட்டால் வட்டம் ஊசியை விட்டு எழும்பிக் குமிழின் உச்சியில் போய் ஒட்டிக்கொள்ளவும் கூடும். கூடவே மற்றோர் இடரும் உண்டு. செல்லுலோசுச் சேர்மத்தால் ஆன பழைய ஒளிபுகு கூடுகளைச் செறிந்த சாராயம் நுண்விரிசல் விழச் செய்யும். அசிட்டோன் கரைத்தே விடும். கூட்டைத் துடைக்க மென்சவர்க்கார நீரும் பருத்தித் துணியும் போதும்.

நீர்மம் ஏன் குறைந்தது என்பது அடுத்த கேள்வி. மண்ணெண்ணெய் வகை நீர்மங்கள் ஒவ்வொரு செல்சியசு பாகைக்கும் ஆயிரத்தில் ஒரு பங்கை ஒட்டி விரிகின்றன. மிச்சிகனின் குளிரிரவில் சுழியத்துக்குக் கீழே 20 பாகை. கோடை வெயிலில் மூடி நிறுத்திய வண்டியின் முகப்புப் பலகையில் 70 பாகை. இந்த 90 பாகை இடைவெளியில், 50 கனசெண்டிமீட்டர் நீர்மம் 4 கனசெண்டிமீட்டருக்கு மேல் விரிந்து சுருங்கும். கண்ணாடியும் உலோகமும் அந்த அளவுக்கு விரிவதில்லை. இந்த வேறுபாட்டை ஏற்பதற்காகவே குமிழின் அடியிலோ முதுகிலோ நெகிழும் சவ்வு ஒன்றை வைத்தார்கள். காலப்போக்கில் சவ்வு இறுகி வெடிக்கிறது. வெயிலில் நீர்மம் கசிகிறது, குளிரில் காற்று புகுகிறது. புதுச் சவ்வை வெட்டும்போது கைக்குக் கிடைத்த இயற்கை ரப்பரை எடுத்தால், பெட்ரோலிய நீர்மம் அதை ஊறவைத்து உப்பச் செய்யும். எண்ணெய் தாங்கும் நைட்ரைல் ரப்பரே இங்கு ஏற்றது. சவ்வு சரியாக இல்லாமல் நீர்மத்தை மட்டும் மாற்றுவது வீண் வேலை என்பது என் உறுதியான கருத்து. அடுத்த கோடையில் அதே குமிழி திரும்ப வரும்.

நீர்மம் நிரப்புவதற்குப் பொறுமையைத் தவிர வேறு கருவி வேண்டியதில்லை. வாயை மேலாக வைத்து நிரப்பி, மெல்லச் சாய்த்துச் சாய்த்து மிதவையின் அடியில் பதுங்கிய காற்றை வெளியேற்றி, ஓர் இரவு திறந்தபடி விட்டு, கரைந்திருந்த காற்றும் பிரிந்த பின் மூட வேண்டும்.

இனி ஊசிமுனை. எஃகினாலோ அதனினும் கடிய உலோகக் கலவையினாலோ ஆன கூம்பு அது. அதன்மேல் நீலக்கல்லிலோ அகேட் கல்லிலோ குடைந்த சிறு கிண்ணம் அமரும். இருபது மடங்கு பெருக்கும் கண்ணாடியில் பார்த்தால் நல்ல முனை மின்னும் புள்ளியாகவும், கெட்ட முனை தட்டையான மேடையாகவும் தெரியும். கிண்ணத்தின் உட்புறத்தைக் கண்ணால் ஆராய்வது கடினம். கூரிய ஊசியொன்றை அதனுள் மெல்ல வருடினால் விரிசல் இருக்கும் இடத்தில் ஊசி இடறும். கடிகாரம் பழுதுபார்ப்போர் வழிவழியாகச் செய்துவரும் சோதனை இது. பூட்டிய பின் செய்யும் சோதனையும் எளிது: சிறு காந்தம் ஒன்றால் வட்டத்தை வலப்புறம் 10 பாகை இழுத்து விடுக, அது நிற்கும் இடத்தைக் குறிக்க, பின்னர் இடப்புறம் இழுத்து விடுக. இரு குறிகளும் 2 பாகைக்கு மேல் விலகினால் உராய்வு மிஞ்சியிருக்கிறது. இங்கே எண்ணெய் இடுவது பெருந்தவறு. குமிழின் நீர்மமே போதிய மசகு.

காந்தத்தின் வலிமை குன்றியிருந்தாலும் இதே சோம்பல் தோன்றும். ஜப்பானியர் ஹோண்டா கோதாரோ 1917இல் கோபால்ட் எஃகையும், மிஷிமா தொகுஷிச்சி 1931இல் அலுமினியமும் நிக்கலும் சேர்ந்த காந்த உலோகத்தையும் உருவாக்கினர். அதற்கு முந்தைய எஃகுக் காந்தங்கள் அதிர்ச்சியாலும் காலத்தாலும் எளிதில் தளர்பவை. இன்று அவற்றுக்கு உயிரூட்ட ஒரு நியோடிமியக் காந்தம் போதும்: எதிர்முனைகளைச் சேர்த்து, நடுவிலிருந்து நுனிக்கு ஒரே திசையில் சிலமுறை நீவினால் காந்தத் தேக்கம் மீளும். அந்த நியோடிமியக் காந்தத்தை 1980களின் தொடக்கத்தில் தனித்தனியே கண்டறிந்த இரு குழுக்களுள் ஒன்று ஜெனரல் மோட்டார்சின் ஆய்வகத்தைச் சேர்ந்தது. பழைய ஷெவர்லே வண்டியின் திசைகாட்டிக்கு மருந்து, அந்த வண்டியைச் செய்த குடும்பத்திலிருந்தே வந்தது என்று சொல்லிக்கொள்ளலாம்.

இரவில் பார்ப்பதற்கென வைத்த சிறு விளக்கையும் மறந்துவிடலாகாது. 1820இல் எர்ஸ்டெட் கண்டதுபோல, மின்னோட்டம் பாயும் கம்பி தன்னைச் சுற்றிக் காந்தப்புலத்தை எழுப்பும். அமெரிக்க வண்டிகளின் மின்னழுத்தம் 1950களின் நடுப்பகுதி வரை பெரும்பாலும் 6 வோல்ட். ஆகவே பின்வந்த வண்டிகளைவிட, அதே ஒளிக்கு இரட்டிப்பு மின்னோட்டம். வட்டத்திலிருந்து 2 செண்டிமீட்டர் தொலைவில் கால் ஆம்பியர் பாயும் ஒற்றைக் கம்பி 2.5 மைக்ரோடெஸ்லா புலத்தைத் தரும். டெட்ராய்டில் புவிக்காந்தத்தின் கிடைத்தளக் கூறு 18 மைக்ரோடெஸ்லாவை ஒட்டியது. எனவே விளக்கை ஏற்றியதும் திசை 8 பாகை வரை புரளக்கூடும். போகும் கம்பியையும் திரும்பும் கம்பியையும் ஒன்றோடொன்று முறுக்கிவிட்டால் இரு புலங்களும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். முறுக்கிய பழைய கம்பியைக் கண்டு அலங்கோலம் என்று பிரித்து நேராக்கிவிடுபவர், அறியாமலே ஒரு பிழையைப் புகுத்துகிறார். தொலைந்த பித்தளைத் திருகாணிக்குப் பதிலாக எஃகுத் திருகாணியை இடுபவரும் அப்படியே.

இப்போது குமிழ் பழுதற்றது. வண்டியில் ஏற்றியதும் அது பொய் சொல்லத் தொடங்கும்.

இந்தப் பொய்யை முதலில் கடலில்தான் ஆராய்ந்தார்கள். 1801 முதல் 1803 வரை இன்வெஸ்டிகேட்டர் என்னும் கப்பலில் ஆஸ்திரேலியக் கரையை அளந்த மேத்யூ ஃபிளிண்டர்சு, கப்பலின் முகம் திரும்பத் திரும்ப ஊசியின் பிழையும் மாறுவதைக் கண்டு, கப்பலின் இரும்பே காரணம் என்று உணர்ந்தார். 1838இல் ஜார்ஜ் ஏரி, ரெயின்போ என்ற இரும்புக் கப்பலில், காந்தங்களையும் தேனிரும்பையும் கொண்டு அப்பிழையை ஈடுகட்டிக் காட்டினார். 1870களில் கெல்வின் அம்முறையைச் செம்மைப்படுத்தினார். மகிழுந்துக்குமிழின் அடியில் இருக்கும் இரண்டு சிறு திருகாணிகள் இந்த மரபின் கடைக்குட்டிகள். ஒன்று வடக்கு-தெற்குப் பிழைக்கு, மற்றொன்று கிழக்கு-மேற்குப் பிழைக்கு. திருகும்போது உள்ளிருக்கும் நுண்காந்தங்கள் சுழன்று, வண்டியின் நிலைக்காந்தத்துக்கு எதிர்ப்புலம் தருகின்றன.

சரிசெய்யும் இடமாக மிச்சிகன் மிகவும் வாய்ப்பானது. 1785ஆம் ஆண்டின் நிலச்சட்டத்தைத் தொடர்ந்து அமெரிக்க நடுமேற்கின் நிலங்களைச் சதுரச் சதுரமாக அளந்தார்கள்; அந்த எல்லைகளின் மேல் போட்ட சாலைகள் இன்றும் பெரும்பாலும் நேர்வடக்காகவும் நேர்கிழக்காகவும் ஓடுகின்றன. ஆனால் அவை காட்டுவது புவியியல் வடக்கு. டெட்ராய்டில் காந்த ஒதுக்கம் இன்று மேற்காக 7 பாகையை ஒட்டியிருப்பதால், நேர்வடக்குச் சாலையில் பழுதற்ற திசைகாட்டி 7 பாகையைக் காட்ட வேண்டும். சுழியத்தைக் காட்டும்படி திருகுபவர், இயற்கை தந்த ஒதுக்கத்தை வண்டியின் குற்றமாகக் கருதித் தண்டிக்கிறார்.

பித்தளைத் திருப்புளியால்தான் திருக வேண்டும்; எஃகுத் திருப்புளி அருகில் வந்தாலே வட்டம் அதன்பின் ஓடும். வண்டியை வடக்கு நோக்கி நிறுத்தி, பிழை முழுவதையும் நீக்குக. கிழக்கு நோக்கி நிறுத்தி, அங்கும் முழுவதையும் நீக்குக. பிறகு தெற்கு. இங்கே தோன்றும் பிழையில் பாதியை மட்டும் நீக்க வேண்டும். மேற்கிலும் பாதிதான். இந்தப் பாதிக் கணக்கு பலரைக் குழப்புகிறது. வண்டியின் நிலைக்காந்தம் தரும் பிழை வடக்கில் ஒரு பக்கம் சாய்ந்தால் தெற்கில் அதே அளவு மறுபக்கம் சாயும். திருகாணி அதை மட்டுமே தீர்க்க வல்லது. குமிழைச் சற்றுக் கோணலாகப் பொருத்தியதால் வரும் பிழையோ எல்லாத் திசையிலும் ஒரே பக்கம் சாயும். வடக்கில் திருகியபோது இரண்டையும் சேர்த்து அழித்துவிட்டோம். அதன் விளைவாகத் தெற்கில் கோணற்பிழை இரட்டிப்பாக நிற்கிறது. அங்கே 6 பாகை தெரிந்தால் உண்மையான கோணல் 3 பாகை. பாதியைத் திருகி எடுத்தபின் எல்லாப் பக்கமும் ஒரே அளவு பிழை எஞ்சினால், தாங்கியைத் தளர்த்திக் குமிழையே அந்த அளவு திருப்பிவிடலாம்.

வடகிழக்கு, தென்கிழக்கு போன்ற மூலைத்திசைகளில் மாறிமாறித் தோன்றும் சில பாகைப் பிழை, கூரையும் தளமுமான தேனிரும்பில் புவிப்புலம் தூண்டும் காந்தத்தால் வருவது. கப்பல்களில் இதற்காக ஊசியின் இருபுறமும் இரும்புக் கோளங்கள் வைத்தார்கள். மகிழுந்தில் அதற்கு இடமில்லை. ஒரு சீட்டில் குறித்து வெயில்மறைப்பின் பின்புறம் செருகிக்கொள்வதே வழி.

வண்டி இடம் பெயர்ந்தால் கணக்கும் பெயரும். டெட்ராய்டில் புவிக்காந்தக் கோடுகள் கிடைமட்டத்திலிருந்து 70 பாகையளவு மண்ணுக்குள் சரிகின்றன. அச்சரிவு வட்டத்தின் வடபுறத்தைக் கீழே இழுக்காதிருக்க, தென்புறத்தில் ஒரு பொட்டு எடை ஒட்டியிருப்பார்கள். காந்த நடுக்கோடு திருநெல்வேலியை ஒட்டிச் செல்வதால், இங்கே சரிவு ஏறத்தாழ இல்லை. அமெரிக்க வண்டியோடு தென்தமிழகம் வந்து சேர்ந்த குமிழில் அந்த எடை வேலையற்றுப்போய்த் தென்புறத்தைத் தாழ்த்தும். சிறிது சுரண்டி எடுத்தால் வட்டம் மட்டத்துக்கு வரும். கிடைத்தளப் புலம் இங்கே 40 மைக்ரோடெஸ்லா, டெட்ராய்டைப்போல் இரு மடங்கு. ஆகவே ஊசி விறைப்பாக நிற்கும், தீராமல் எஞ்சிய நிலைக்காந்தப் பிழையும் பாதியாகும். நிலைக்காந்தத்துக்கு எதிராக அங்கு வைத்த திருத்தம் இங்கும் பொருந்தும். ஆனால் வண்டியின் செங்குத்தான இரும்பில் அங்கே புவிப்புலத்தின் செங்குத்துக் கூறு தூண்டிய காந்தம் இங்கே மறைந்துவிடுகிறது. அதற்கு எதிராகத் திருகியிருந்த பங்கு மட்டும் எதிரியின்றி எஞ்சிப் புதுப்பிழையாகிறது. எனவே துறைமுகத்தில் இறங்கியதும் இரு திருகாணிகளையும் மீண்டும் திருகியே ஆக வேண்டும்.