ஏற்கப்படாதார் கண்ட நெறி

தாம் சேர விரும்பிய கூட்டத்தார், ‘நீ எம்முள் ஒருவன் அல்லை’ என்று கூறிவிடின், அங்ஙனம் கூறப்பெற்றவன் என் செய்தல் வேண்டும்? சங்கப் புலவர் ஒருவர் இதற்குத் தம் செயலால் விடை தந்தார். இளவெளிமான் தம் தகுதியறியாது ஈந்த சிறு பரிசிலைப் பெருஞ்சித்திரனார் கொள்ளாது நீங்கினார். குமணனிடம் சென்று யானையைப் பரிசிலாகப் பெற்றார். அதனை இளவெளிமானின் காவல்மரத்திலேயே கொணர்ந்து கட்டிவிட்டுப் போயினார். புறநானூறு தரும் இச்செய்தி படிப்போர் தலையை நிமிரச் செய்வது. ஆயினும் இவ்விடை எல்லார்க்கும் பொருந்துமோ? புலவர்க்கு வேறொரு வள்ளல் இருந்தான். அவனிடம் செல்ல வழியும் இருந்தது. பிறந்த மண்ணே ‘நீ எம்மவன் அல்லை’ என்னுமாயின், யானையை எங்கே பெறுவது? எம்மரத்திற் கட்டுவது? நுவரெலியா, ஹட்டன் மலைச்சாரல்களில் வாழும் தோட்டத் தொழிலாளர் வரலாறு, இவ்வினாவோடு போராடிய வரலாறேயாகும்.

1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி இலங்கையில் இந்தியத் தமிழர் ஏறக்குறைய 7,80,000 பேர் இருந்தனர். மறு ஆண்டு நடைபெற்ற பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 தொகுதிகளில் வென்றது. நுவரெலியாவில் சௌ. தொண்டமானும் தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளையும் தெரிவாயினர். தாம் இந்நாட்டு மக்களுள் ஒரு பகுதியினர் என்றே தொழிலாளர் எண்ணி வாக்களித்தனர். அவ்வெண்ணம் ஓராண்டுதான் நிலைத்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் தேர்தற் சட்டம் திருத்தப்பட்டு வாக்குரிமையும் போயிற்று. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் மலைநாட்டுத் தொழிலாளரின் பிரதிநிதியென ஒருவரேனும் பாராளுமன்றம் புகவில்லை.

அச்சட்டம் கேட்டது யாது என்பதைச் சற்று நின்று நோக்குதல் தகும். இலங்கையிற் பிறந்தான் என்பது மட்டும் போதாது. தந்தை இங்குப் பிறந்திருத்தல் வேண்டும், அன்றேல் பாட்டனும் பூட்டனும் இங்குப் பிறந்திருத்தல் வேண்டும் என்றது சட்டம். லயத்து அறையிற் பிறந்து, பிரட்டுக்களத்திற் பெயர் கூப்பிடப்பட்டு, தேயிலைத் தூரின் அடியிற் புதைக்கப்பட்ட பாட்டனுக்குப் பிறப்புப் பத்திரம் எங்கே தேடுவது? அவன் உழைத்தானா, இம்மண்ணை நேசித்தானா என்று சட்டம் கேட்கவில்லை. ஆதலின் அம்மறுப்பு, மறுக்கப்பட்டவனுடைய தகுதியைப் பற்றிய தீர்ப்பு அன்று. மறுத்தவர் கையிலிருந்த அளவுகோலைப் பற்றிய செய்தியே அது. இவ்வேறுபாட்டை உணராதவன், பிறர் மூடிய கதவுக்குத் தன்னையே குற்றவாளியாக்கி நோகிறான். கல்லூரிக் கழகமொன்றில் இடம் பெறாத மாணவனிடத்தும் இந்நோவை ஆசிரியர் பலர் கண்டிருப்பர்.

மறுக்கப்பட்டவுடன் எழுவது சினம். 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டம், மணமானோர் 7 ஆண்டும் மணமாகாதோர் 10 ஆண்டும் இடையறாது இங்கு வதிந்தமையை மெய்ப்பித்து விண்ணப்பிக்கலாம் என்றபோது, காங்கிரஸ் முதலில் அதனைப் பகிஷ்கரித்தது. மானமுள்ளார்க்கு அஃது இயல்பே. எனினும் விண்ணப்பத்திற்குரிய காலம் ஈராண்டே. அதிற் பெரும்பகுதி பகிஷ்கரிப்பிற் கழிந்தது. பின்னர் மனம் மாறி, 1951 ஆகஸ்டில் முடிந்த கெடுவுக்குள் சுமார் 8 இலட்சம் பேர்க்காக விண்ணப்பங்கள் குவிந்தன. உரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. சினம் நேர்மையானதாயினும் நாட்காட்டி அதற்காகக் காத்திராது என்பதை அத்தலைவர்கள் அன்று அறிந்திருப்பர்.

ஆயினும் அவர்கள் ஒரே வழியை நம்பியிருந்திலர். 1952இல் பிரதமர் அலுவலகத்தின் முன் தொடங்கிய சத்தியாக்கிரகம் மாதக்கணக்கில் நீடித்தது. றுவான்வெல்லைத் தொகுதி வாக்காளர் இடாப்பில் பெயர் சேர்க்கப்படாத கோடாகன் பிள்ளையின் வழக்கு இலண்டன் பிரிவுக் கவுன்சில் வரை சென்று, 1953இல் தோற்றது. சத்தியாக்கிரகமும் வழக்கும் உடனே பயன் தந்தில. எனினும் ‘எமக்கு உரிமை உண்டு’ என்னும் கூற்றை அவை பதிவேட்டில் நிலைநிறுத்தின. வாய்மூடி இருந்திருப்பின், மறுப்பை அவர்களே ஒப்புக்கொண்டதாகப் பின்வந்தோர் எழுதியிருப்பர்.

1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கையில், 9,75,000 பேருள் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பகுக்கப்பட்டனர். எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசிக்கொள்வதாயிற்று. பகுக்கப்பட்டோரை ஒருவரும் கேட்டிலர். அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி மறுநாட்டுக்குமாகப் பிரிந்த குடும்பங்கள் பல. இங்கு ‘இந்தியாக்காரன்’ எனப்பட்டோர், நீலகிரியில் இறங்கியபின் ‘சிலோன்காரர்’ ஆயினர். பெருஞ்சித்திரனார்க்குக் கிடைத்த குமணன் இவர்களுக்குக் கிடைத்திலன்.

இனி, இவ்வரலாற்றில் யான் மிகப் பெரிதாக மதிக்கும் பகுதிக்கு வருகிறேன். உரிமை கேட்டு நின்ற அக்காலத்திலேயே, உரிமை கிடைக்கும்வரை வாழ்வை நிறுத்திவைக்கவில்லை இம்மக்கள். வட்டகொடை மடகொம்பரையிற் பிறந்த வேலுப்பிள்ளை, பாராளுமன்றத்தை இழந்தபின் தொழிற்சங்கப் பணியோடு எழுத்துப் பணியையும் தொடர்ந்தார். தொழிலாளர் பாடிய நாட்டார் பாடல்களைத் தொகுத்தார். லயத்து வாழ்வை நாவலாக்கினார். ஹட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரியில் இர. சிவலிங்கம் போன்ற ஆசிரியர்கள், அறுபதுகளின் மாணவரிடையே ‘மலையகம்’ என்ற சொல்லைப் பெருமையோடு உச்சரிக்கும் பழக்கத்தை வளர்த்தனர். ‘தோட்டக்காட்டான்’ என்று பிறர் வைத்த பெயரைச் சுமந்த ஒரு தலைமுறைக்குத் தானே தனக்கு இட்ட பெயர் கிடைத்தது. பிறர் கூட்டத்தில் இடம் மறுக்கப்பட்டவர்கள், அவ்விடத்தைக் கேட்பதைக் கைவிடாமலே தமக்கென ஒரு கூட்டத்தை அமைத்துக்கொண்டனர். கேட்பதொன்றையே செய்திருப்பின் அவர்கள் என்றும் விண்ணப்பதாரராகவே எஞ்சியிருப்பர். கேட்பதை விட்டிருப்பின் பிரசாவுரிமை இன்றும் தொலைவிலேயே நின்றிருக்கும்.

1977இல் தொண்டமான் நுவரெலியா – மஸ்கெலியாத் தொகுதியினின்று மீண்டும் தெரிவானார். 1988ஆம் ஆண்டுச் சட்டமும், 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் நாடற்றவர் என்ற நிலையை முடித்தன. முதல் மறுப்புக்கும் கடைசிச் சட்டத்துக்கும் இடையே 55 ஆண்டுகள்!

இன்றும் லயத்திற் குடியிருப்போர் பலர்க்குச் சொந்தக் காணி இல்லை. கடிதமும் தோட்ட முகவரிக்கே வருகிறது. மூதாதையர் வந்து இருநூறாண்டு நிறைந்த 2023ஆம் ஆண்டில், அவர்கள் நடந்த பழைய வழியே தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மலையக மக்கள் நடந்தனர். கேட்டவற்றுள் காணியும் வீடும் இருந்தன. முன்னோர் கூலிக்கு ஆளாய் நடந்த வழியில், இவர்கள் நாட்டின் பிரசைகளாய் நடந்தனர்.