வெந்தயமும் நீரிழிவும்



ஒரு கரண்டி வெந்தயத்தை இரவில் நீரில் ஊறவைத்துக் காலையில் விரலால் நசுக்கிப் பாருங்கள். வழுவழுப்பான பசை ஒட்டும். வெந்தயம் என்றதும் கசப்பை நினைத்து முகத்தைச் சுளிக்கிறோமே அன்றி, இந்த வழுவழுப்பை நாம் கருதுவதில்லை. அதன் மருத்துவச் சிறப்பில் பெரும்பகுதி இதில்தான் அடங்கியிருக்கிறது.

இது நீரில் கரையும் நார்ச்சத்து. வேதியியலார் காலக்டோமன்னன் என்பர். குடலில் இது கூழாகப் பரவி நிற்கும். உண்ட சோறு செரித்துச் சர்க்கரையாக மாறினாலும், கூழைக் கடந்து இரத்தத்தில் சேரச் சற்றுத் தாமதமாகிறது. திருவிழாக் கூட்டத்தை முண்டியடிக்க விடாமல், ஒருவர்பின் ஒருவராக உள்ளே அனுப்பும் வாயிற்காவலனின் வேலை என்று இதைச் சொல்லலாம்.

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் இதை நோயாளிகளிடமே சோதித்தனர். இன்சுலின் இன்றி வாழவியலாத சிலருக்கு, கொழுப்பு நீக்கிய வெந்தயப் பொடியை உணவோடு நாளொன்றுக்கு 100 கிராம் கொடுத்தார்கள். சிறுநீரில் வெளியேறிய சர்க்கரை 54 விழுக்காடு குறைந்ததென 1990இல் வெளியிட்டனர். மகிழ்ச்சிக்குரிய செய்தியே. ஆயினும் அந்த 100 கிராமை மறவாதீர்கள்! நம் வீட்டுப் பெரியவர்கள் விழுங்கும் ஒரு தேக்கரண்டி ஏறத்தாழ 4 கிராம்தான்.

என் பழைய மாணவர் ஒருவர் சிறு வயது முதலே இன்சுலின் ஊசி போட்டு வந்தவர். யாரோ சொன்னதைக் கேட்டு, ஊசியை நிறுத்திவிட்டு வெந்தயப் பொடியை மட்டும் உட்கொண்டார். சில நாட்களிலேயே ஓயாத வாந்தி, மேல்மூச்சு, பின்பு மயக்கம். மருத்துவமனையில் பிழைத்தெழுந்தார். நடந்தது என்ன? வெந்தயம் கூட்டத்தை வாயிலில் நிதானப்படுத்தும். உள்ளே வந்த சர்க்கரை உயிரணுக்களில் புகுவதற்கோ இன்சுலின் வேண்டும். அது முற்றிலும் இல்லாதபோது உடல் தன் கொழுப்பையே எரிக்கிறது. அதனால் இரத்தத்தில் நச்சு அமிலங்கள் பெருகுகின்றன. 1922 ஜனவரியில் கனடாவின் டொராண்டோ நகரில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்படும் வரையில், இத்தகைய குழந்தைகளுக்குப் பட்டினிப் பத்தியத்தைத் தவிர வேறு வழி இருந்ததில்லை.

ஊசியோ மாத்திரையோ எடுத்துக்கொள்வோர் வெந்தயத்தை மிகுதியாக உண்டால், சர்க்கரை அளவு மீறித் தாழ்ந்து வியர்வையும் நடுக்கமும் காணக்கூடும். ஆகவே மருத்துவரிடம் சொல்லிவிட்டே உண்ணல் வேண்டும்.

என் மாணவர் இன்றும் வெந்தயம் உண்கிறார். ஊசியைப் போட்டுக்கொண்ட பிறகு.