கைப்பையில் ஒரு செத்த வால்யூம்

என் கைப்பையில் சாவிக்கொத்து, கண்ணாடி, தலைவலித் தைலம் இவற்றோடு செத்துப்போன வால்யூம் கன்ட்ரோல் ஒன்றும் கிடக்கும். கிட்டாரில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு குமிழைத் திருகுகிறோமே, அதற்கு அடியில் இருக்கும் சாமான். கிட்டார்க்காரர்கள் ‘பாட்’ என்பார்கள். ரேடியோ ரிப்பேர் செய்த என் அப்பாவுக்குக் கடைசிவரை அது வால்யூம்தான், எனக்கும் அப்படியே. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டின் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் சால்டரிங் ஸ்டேஷன் வாங்கப் போகும்போது இதை எடுத்துக் கடைமேசையில் வைப்பேன். சில கடைக்காரர்கள் சிரிப்பார்கள். சிலர் முகம் சுளிப்பார்கள்.

பெரம்பூரில் வீட்டு முன்னறைதான் என் பட்டறை. சர்ச் பாடகர் குழுவின் கிட்டார், மெல்லிசைக் கச்சேரி ஆம்ப்ளிஃபயர், ஆங்கிலோ-இந்தியர் வீடுகளில் பரண்மேல் கிடந்து திடீரென்று ஞாபகம் வந்த பழைய வால்வு பெட்டி என்று எல்லாம் வரும். தொழில் பழக வரும் பையன் ஒருவன் போன மாதம் போனைக் காட்டினான்.

“ஆன்ட்டி, இந்த ஸ்டேஷன் 480 டிகிரி வரைக்கும் போகுமாம். வாங்கிடவா?”

“ஈயம் 190 டிகிரியிலயே உருகிடும்டா. மீதிச் சூட்டுல என்ன பண்ணப் போற?”

விளையாட்டுக்குச் சொன்னாலும் விஷயம் அதுதான். 60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம் கலந்த சாதாரண சால்டர் கம்பி 183 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கி 190-க்குள் தண்ணீராகிவிடும். காரீயம் இல்லாத வகைக்கு 220 வேண்டும். இந்த இரண்டையும் எந்த அயர்னும் எட்டிவிடும். ஆனாலும் சில அயர்ன்கள் வேலையில் கவிழ்த்துவிடுகின்றன.

கவிழ்ந்த கதை என்னிடமே இருக்கிறது. தொழிலுக்கு வந்த புதிதில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் ஒரு கிட்டார் வந்தது. உர்ரென்று இரைச்சல். எர்த் ஒயர் விட்டுப்போயிருந்தது. கிட்டாருக்குள் எர்த் ஒயர்கள் எல்லாம் பெரும்பாலும் வால்யூமின் முதுகில்தான் வந்து சேரும். அந்தத் தகர மூடியின்மேல் வைத்து சால்டர் செய்துவிடுவார்கள். நான் அப்பாவின் 25 வாட் அயர்னை வைத்தேன். தகரம் சூட்டைக் குடித்துக்கொண்டே இருந்தது. ஈயம் ஓடவில்லை, கூழாக நின்றது. அழுத்தினேன். அரை நிமிஷம் அழுத்தியிருப்பேன். ஒருவழியாக ஒட்டியது. மறுநாள் கேரல் ஒத்திகையில் அந்தப் பிள்ளை குமிழைத் திருகினால் கரகரவென்று ஒரு சத்தம். பாதி திருகும்வரை மௌனம், அப்புறம் ஒரே அலறல். பிரித்துப் பார்த்தேன். உள்ளே கார்பன் பட்டையும் அதைத் தாங்கும் பிளாஸ்டிக்கும் வெந்திருந்தன. கைப்பையில் இருப்பது அதுதான்.

சூடு போதாத அயர்ன்தான் பொருளைப் பொசுக்கும் என்பது அன்று புரிந்தது. நல்ல அயர்ன் மூன்று விநாடியில் வேலையை முடித்து விலகிவிடும். முதுகில் ஈயம் பரவி, சூடு உள்ளே இறங்குவதற்குள் எல்லாம் ஆறிவிடும். பலமில்லாதது அங்கேயே உட்கார்ந்து கடைசிவரை வேகவைக்கும்.

எங்கள் தெருமுனையில் இஸ்திரி போடுபவர் இன்னமும் பித்தளைப் பெட்டியில் கரி போட்டுத்தான் தேய்க்கிறார். ஈர ஜீன்ஸின் மேல் அந்தப் பெட்டியை ஓட்டினாலும் அது சளைப்பதில்லை. அதன் கனம்தான் அதன் சூடு. நம் வீட்டு லேசான கரண்ட் பெட்டி அதே ஜீன்ஸில் இரண்டு இழுப்புக்கே வெதுவெதுப்பாகிவிடும். சால்டரிங் முனையும் இப்படித்தான். டிகிரி என்பது முனை சும்மா இருக்கும்போது காட்டும் எண். வேலையைத் தொட்டதும் அது எவ்வளவு இறங்குகிறது, எத்தனை சீக்கிரம் ஏறுகிறது என்பதுதான் காசு கொடுத்து வாங்க வேண்டிய சமாச்சாரம். வாட்டும், முனையின் பருமனும், முனைக்கும் ஹீட்டருக்கும் நடுவே உள்ள இடைவெளியும் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன.

சுவரில் நேராகச் செருகும் அயர்னுக்கு இன்னொரு வியாதி உண்டு. மாலையில் வோல்டேஜ் 230-லிருந்து 180-க்கு இறங்கினால் 25 வாட் அயர்ன் 15 வாட் ஆகிவிடும். மதியம் நன்றாக ஓடிய ஈயம் ஆறு மணிக்கு அடம்பிடிப்பது நம் கைக்குற்றம் இல்லை. ஸ்டேஷன் என்பது சூட்டைத் தானே கட்டுப்படுத்தும் பெட்டியோடு வரும் அயர்ன். அதில் முனைக்குப் பக்கத்திலேயே சூட்டை அளக்கும் உறுப்பு உண்டு; சூடு இறங்கினால் அதிகக் கரண்ட் தரும், ஏறினால் நிறுத்தும்.

அந்த வித்தையை எலக்ட்ரானிக்ஸ் இல்லாமலே செய்த பெட்டி ஒன்று என்னிடம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோன ஒரு பேஸ் கிட்டாரிஸ்ட் விட்டுப்போன பழைய வெல்லர் கம்பெனி ஸ்டேஷன். அதன் முனையின் அடியில் ஓர் உலோகத் துண்டு இருக்கும். குறிப்பிட்ட சூட்டில் அது காந்தத்தால் இழுபடும் குணத்தை இழந்துவிடும். உள்ளே காந்தம் விலகி, ‘டக்’ என்று ஸ்விட்ச் அணையும். ஆறினால் மறுபடி ‘டக்’. முனையில் 7 என்று பொறித்திருந்தால் 700 டிகிரி ஃபாரன்ஹீட், ஏறக்குறைய 370 செல்சியஸ். சூட்டை மாற்ற வேண்டுமென்றால் முனையைத்தான் மாற்ற வேண்டும். இன்றும் அந்த டக் டக் சத்தம் கேட்டால்தான் எனக்கு வேலை ஓடும்.

பையனுக்கு அதைக் கொடுக்க மனமில்லை. ஆகவே ரிச்சி ஸ்ட்ரீட்.

முதல் கடையில் பளபளவென்று எண்கள் மின்னும் பெட்டி. பிளக்கில் செருகுவதற்கு முன்பே மல்டிமீட்டரை எடுத்து, முனையில் ஒரு கம்பியையும் பிளக்கின் எர்த் பின்னில் மறு கம்பியையும் வைத்தேன். 2 ஓமுக்குள் காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டவில்லை. முனைக்கு எர்த் இல்லை என்று அர்த்தம். ஆம்ப்ளிஃபயரில் இருக்கும் மாஸ்ஃபெட், ஐசி போன்றவற்றை இப்படிப்பட்ட முனை சத்தமில்லாமல் கொன்றுவிடும். அந்தப் பெட்டியை அங்கேயே விட்டோம்.

அடுத்த கடையில் ஜப்பானின் ஹாக்கோ எஃப்எக்ஸ்-888டி. 70 வாட். நல்ல சாமான், சந்தேகமில்லை. இரண்டே பட்டனை அமுக்கி அமுக்கி டிகிரி மாற்றுவதற்குள் எனக்குக் கோபம் வரும். பின்னால் வந்த டிஎக்ஸ் மாடலில் அவர்களே குமிழ் வைத்துவிட்டார்கள். பையனின் பணத்துக்கு இரண்டும் எட்டவில்லை. மூன்றாவது கடையில், அதே கம்பெனியின் பழைய 936-ஐப் பார்த்துச் செய்த நகல் ஒன்று. நகல் என்றால் மட்டம் என்று தள்ளிவிட மாட்டேன். அதற்குப் போடும் 900எம் வகை முனை இந்தத் தெருவில் எங்கு கேட்டாலும் கிடைக்கும். முனை கிடைக்காத உயர்ந்த ஸ்டேஷன் ஒரு வருஷத்தில் பேப்பர் வெயிட்டாகிவிடும்.

எர்த் சரியாக இருந்தது. கூர்முனையைக் கழற்றச் சொல்லி, உளி மாதிரி தட்டையான முனையைப் போடச் சொன்னேன். கூர்முனை பார்க்க அழகு, தொடும் இடமோ கடுகளவு. சூடு எப்படி இறங்கும்? 370-இல் வைத்தோம். செத்த வால்யூமின் முதுகை உப்புத்தாளால் தேய்த்து, முனையை வைத்து, ஈயத்தைக் காட்டினேன். கடைக்காரரே எண்ணினார். மூன்றில் ஈயம் கண்ணாடி போலப் பரவியது.

“உங்க டெஸ்டுல பாஸாயிடுச்சு மேடம்.”

கைப்பிடிக்கு வரும் ஒயரையும் வளைத்துப் பார்த்தேன். விறைத்த ஒயர் கைப்பிடியை இழுத்துக்கொண்டே இருக்கும். ஒரு தடவை நழுவினால் கிட்டாரின் பாலிஷில் ஆறாத தழும்பு. இது சிலிகான் ஒயர், துணி மாதிரி மடங்கியது.

திரும்பி வரும்போது பையனுக்குச் சொன்னவை சில. பிசிபி போர்டுக்கு 330 போதும், அதிலும் பழைய போர்டில் அதிக நேரம் வைத்தால் செம்பு டிராக் உரிந்துவிடும். முனையை அரம் போட்டுத் தேய்க்கவே கூடாது. செம்பின்மேல் உள்ள இரும்புப் பூச்சு போனால் முனை போயிற்று. புகை காரீயம் அல்ல, சால்டர் கம்பிக்குள் இருக்கும் ரோசின் பிசின். ஆனாலும் மூச்சுக்கு ஆகாது, ஜன்னலைத் திற. காரீயம் கையில்தான் ஒட்டும், கை கழுவாமல் பஜ்ஜி சாப்பிடாதே. வால்வு ஆம்ப்ளிஃபயரில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் 400 வோல்ட் உட்கார்ந்திருக்கும். அதை ரெசிஸ்டர் வழியாக இறக்கி, மீட்டரில் பார்க்காமல் விரல் உள்ளே போகக் கூடாது. அந்தப் பெட்டிகளின் சேஸிஸிலேயே எர்த்தை சால்டர் செய்திருப்பார்கள், அதை இந்த ஸ்டேஷனால் அசைக்க முடியாது. அதற்கு அப்பாவின் 125 வாட் கட்டை அயர்ன் இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்.

தலையை ஆட்டிக்கொண்டே வந்தவன் பஸ் ஸ்டாப்பில் நின்றான்.

“ஆன்ட்டி, அந்தப் பழைய வால்யூமை எனக்குக் குடுங்களேன். வீட்ல வெச்சுப் பழகிக்கிறேன்.”

“உனக்கு வேணும்னா நீயே ஒண்ணக் கொன்னுக்கோடா” என்று கைப்பையை மூடினேன்.